உமரித் திட்டு

என் அதிகாரம்
கரைவலை இழுக்கிற மணலோடு முடிகிறது.
அதற்கப்பால், கடலில் நாலு மைல்,
உமரித் திட்டு எந்த ஊரிலும் சேர்த்தியில்லை.

பழைய பதிவேட்டில் பேச்சிராக் கிராமம் என்றிருக்கும்.
பேச்சே இல்லாத ஊர் என்றுதான்
வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்தேன்.
பாரசீகச் சொல்லாம்; விளக்கில்லாத இடம்.
தாசில்தார் சொன்னார்.

தீர்வை இல்லை. வாக்காளர் இல்லை.
தெருவிளக்குக் கேட்டு மனுப்போட ஆளில்லை.
வனச்சரகர் சீனிராவுத்தர்தான் அங்கே
தலைவர், மன்றம், எதிர்க்கட்சி.
படகில் நின்றபடியே கிராமசபை கூட்டிவிடலாம் அவர்,
நாரைகள் தீர்மானத்தை எதிர்ப்பதில்லை.

ஆனியில்
பாசி எடுக்கப் போன நம்புசெல்வி
கச்சான் ஏறி வல்லம் திரும்பாமல்
திட்டிலேயே பெற்றாள்.
எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

இருபதாம் நாள் பிள்ளையோடு வந்தாள்.
பிறந்த இடம்?
கணினியில் மாவட்டம் இருக்கிறது, ஒன்றியம் இருக்கிறது,
ஊராட்சியைத் தேர்வு செய்யாமல்
அடுத்த பக்கம் வராது.

"மண்டபம் ஆஸ்பத்திரின்னு போட்டுரவா?"
"அங்க பொறக்கலியே சார்."

பாசிப் பையிலிருந்து ஒரு பாலித்தீன் உறை,
அதற்குள் வனத்துறை அபராத ரசீது.
தடைசெய்த பகுதியில் அத்துமீறி நுழைந்தவர்கள்:
மூவர் அடித்து, நால்வர்.

சீனிராவுத்தருக்குப் போன் போட்டேன்.
"எறங்கினது மூணு பேர்தான்.
நான் எழுதறப்ப நாலு இருந்துச்சே."
"பச்சைப்பிள்ளைக்குமா தலைக்கு ஐநூறு?"
"கட்டுனது யாருன்னு ரசீதுல எழுதறதில்ல, சார்."

வேறு சான்று இல்லை அவளிடம்.
அரசாங்க முத்திரையோடு
அந்த இடத்தில் அந்தத் தேதியில்
இந்தப் பிள்ளை இருந்ததென்று சொல்வது
குற்றப் பத்திரம் ஒன்றுதான்.

"இருட்டுல எப்படிம்மா?"
"மதினி செல்லுல டார்ச்சடிச்சா.
ஏழு பர்சன்ட்தான் இருந்துச்சு.
கொடி அறுக்குறவரை நின்னுச்சு."

பேச்சிராக் என்ற சொல்லை
அடிக்கலாமா என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எனக்கு அந்த அதிகாரமும் இல்லை.

கோப்பு ராமநாதபுரம் போயிருக்கிறது.
வனத்துறைக்கு ஒரு நகல், வருவாய்க்கு ஒரு நகல்,
இரண்டும் ஒன்றையொன்று
தகவலுக்காக அனுப்பிக்கொள்கின்றன.
பிள்ளை குப்புற விழுந்து
இப்போது தவழவும் தொடங்கிவிட்டதாம்.

காலையில் கணினியைத் திறந்தால்
பிறந்த இடம் என்ற வெற்றுக் கட்டத்துக்குள்
ஒரு சின்னக் கோடு
அணைந்து எரிகிறது.