குறும்பி

கிரீன் சர்க்கிளில் ரெண்டு விசில் கொடுத்தேன்.
காற்றுதான் போனது, சத்தம் இல்லை.
ஆனாலும் பஸ் நகர்ந்தது.
அப்போதுதான் உறைத்தது
கெட்டுப்போனது விசில் இல்லையென்று.

ராத்திரி பதினொன்றரை, அவசரப் பிரிவு.
இடது காது போன வாரமே மந்தம்
இன்றைக்கு வலதும்.
நரம்பு போச்சு, வேலை போச்சு என்று
எல்.ஐ.சி. பாலிசி வரைக்கும் போய்விட்டேன்.

பக்கத்துக் கட்டிலருகே ஒரு வங்காளத்துப் பெண்
வாயைத் திறந்து திறந்து மூடினாள்.
பாவம், தூக்கம் போல.

டாக்டர் ஹெப்சிபா லைட் அடித்துப் பார்த்தார்.
என் டிக்கெட் கட்டையே வாங்கி
பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்:
'அழுக்கு'.
அடியில் ஒரு கோடு வேறு.

சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர்.
தட்டில் விழுந்தது
புளியங்கொட்டை மாதிரி ஒன்று.
ஆற்காடு ரோட்டுப் புழுதி பாதியாவது இருக்கும்.

டப்பென்று திறந்தது காது.
ஃபேன் கிறீச்சிட்டது. ட்ராலிச் சக்கரம்.
என் தோல்பைச் சில்லறை.
பிறகு
அவள்.

கொட்டாவி இல்லை அது.
பாஷை தெரியாது எனக்கு,
ஒரே பெயரைத்தான்
அத்தனை நேரமும் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இப்ப கேக்குதா?" என்றார் டாக்டர்.

தட்டைக் கொஞ்சம்
துணியால் மூடச் சொன்னேன்.