பற்று

நகர மண்டபத்தில் பதாகை கட்டியவன்
ஒரு முனையை முடிச்சுப் போட மறந்துவிட்டான்.
'நியாயமான மாற்றம்' என்பதில்
நியாயம் மட்டும் மடிந்து தொங்கியது
மூன்று நாளும்.

என் வேலை படிவம் நிரப்புவது.
நாளுக்கு நானூறு ராண்ட். மதியச் சாப்பாடு இல்லை.
ரீட்பான் அனல்மின் நிலையத்தின் கடைசி உலை
மார்ச்சில் அணைந்தது. இது ஜூலை.
ம்புமலங்காவின் புல்வெளி
உறைபனியில் மொரமொரக்கிற மாதம்.

ஏழாம் கட்டம்: பணிக்காலம்.
வேலாபி மசிலேலா, சாம்பல் பிரிவு, இருபத்து நான்கு ஆண்டு.
பரிந்துரை: கூரைமேல் சூரியத் தகடு பொருத்தப் பயிற்சி, ஆறு வாரம்.
"உயரம் எனக்கு ஆகாது, தம்பி.
ஆயுள் முழுக்க உலைக்கு அடியில் நின்றவன் நான்."
அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: உயரம் ஆகாது.

கன்வேயர் பெல்ட்டின் ஒப்பந்த ஆட்கள் அறுபது பேர்.
எந்த நிறுவனம் என்றால் மூன்று பெயர் சொன்னார்கள்.
மூன்றும் இப்போது போனை எடுப்பதில்லை.
வேலை செய்ததற்குச் சான்று?
ஒருவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.
இணைப்பு என்று எதை எழுதுவேன்.

பிறகு துலிசிலே ஸ்கோசானா.
பட்டியலில் பெயர் இல்லை.
முதலாளி? இல்லை.
ஊழியர் எண்? இல்லை.
அப்புறம் எதற்கு மா, வரிசையில்?

"இரண்டாம் வாசலில் பத்தொன்பது வருஷம் மக்வின்யா சுட்டேன்.
நாலு மணிக்கு எண்ணெய் காயும்.
இரவு ஷிப்ட் வெளியே வரும்போது
முதல் ஈடு உப்பி மேலே மிதக்கும்.
உலைக்குப் போட்டது அவர்கள்.
அவர்களுக்குப் போட்டது நான்."

பையிலிருந்து ஏழு நோட்டுகள்.
எண்ணெய் ஊறி, பின்பக்க எழுத்தும்
முன்பக்கம் வந்து பேசியது.

வேலாபி, இரண்டு, மீன் ஒன்று, வெள்ளிக்குத் தருவார்.
பெல்ட் தொம்பேலா, நாலு, இரவு ஷிப்ட்.
சிவப்புத் தொப்பி, மூன்று.
வேலாபி, ஒன்றும் வேண்டாம் என்றார், மகன் அடக்கம்.
சிவப்புத் தொப்பி, இருமல், டீ மட்டும்.
சிவப்புத் தொப்பி வரவில்லை.
சிவப்புத் தொப்பி வரவில்லை.
அதன் கீழே கணக்கை அடித்திருந்தாள், ஒரே கோடு.

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஒருவர்
"அது நான்" என்றார்.
தேதி இருந்தது. ஷிப்ட் இருந்தது.
பதினோரு வருடம், நாள் தவறாமல், கடனாக.
சற்று நேரத்தில் வரிசை என் மேசையை விட்டு
அவள் நாற்காலிக்கு வளைந்தது.
பக்கம் பக்கமாய்த் தேடிக் கொடுத்தாள்,
எச்சில் தொடாமல், புறங்கையால் புரட்டி.

"நிலுவை எவ்வளவு, மா?"
"அது கிடக்கட்டும். கடன் கேட்டா வந்தேன்?
உங்கள் தாளில் உலை இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது.
வாசலைக் காணோமே."

ஐந்து மணிக்கு மண்டபத்தைப் பூட்ட வேண்டும்.
கண்காணிப்பாளர் வெளியே ஹாரன் அடித்தார்.
அவள் படிவத்தில், முதலாளி என்ற இடத்தில்,
நோட்டைப் பார்த்துப் பார்த்து
ஒவ்வொரு பெயராக எழுத ஆரம்பித்தேன்.
கோடு தீர்ந்து ஓரம்,
ஓரம் தீர்ந்து தாளின் பின்பக்கம்.

கடைசி நோட்டின் கடைசிப் பக்கம். நேற்றைய தேதி.
மண்டப வாசல்.
கண்ணாடி போட்ட பையன், ஒன்று, நாளைக்குத் தருவான்.

மூன்று ராண்ட்.
பாக்கெட்டில் கைவிட்டுப் பார்த்தேன்.
பஸ்ஸுக்கு மட்டும் இருந்தது.
என் பெயரையும் எழுதினேன், முதலாளிகளுக்கு நடுவே.
ஹாரன் மறுபடி.