திறப்பு

மாங்குளத்துக் கந்தோர்.
கதவில சக்கர நாற்காலிப் படம், நீல நிறம்.
கீழை பூட்டு.
திறப்பு ஸ்ரோர்கீப்பரிட்டை.
ஸ்ரோர்கீப்பர் லீவிலை.

ஆம்பிளையள் பக்கம் மகளைக் கொண்டுபோகேலாது.
பொம்பிளையள் பக்கம் நான் போகேலாது.
டிலக்சனாவுக்குப் பதினேழு.
வாய் பேசாது, கண் என்னையே பார்க்குது.
பம்பர்ஸ் நிரம்பிக் கதிரையாலை சொட்டுது.
வரிசையிலை நிண்ட சனம்
சுவரிலை கிடந்த டெங்கு நோட்டீசைத்
திரும்பத் திரும்ப வாசிச்சுது.

கூட்டித் துடைக்கிற புஸ்பராணிதான்
எங்கையோ தேடி ஒரு திறப்போடை வந்தா.
உள்ளை தும்புத்தடி, கால் உடைஞ்ச மேசை,
கூரைமட்டும் ஃபைல் கட்டுகள்.
ஆளை வளர்த்த ஒரு பலகை இல்லை.

கட்டுகளை இறக்கி நிலத்திலை அடுக்கினம்:
நிவாரணம், வீட்டுத்திட்டம்,
காணி, காணி, காணி.
மேலை என்ரை துவாய்.
துடைச்சு, மாத்தி,
பவுடர் போடேக்கை பிள்ளை சிரிச்சுது.
புஸ்பராணி கதவுக்கு முதுகைக் குடுத்து நிண்டா.

தலைமாட்டிலை ஒரு கட்டு அவிழ்ந்து கிடந்தது,
மேல்தாளிலை என்ரை கையெழுத்து மாதிரி.
எடுத்துப் பார்க்கேல்லை.
இழுத்து இறுக்கிக் கட்டினன்,
பிள்ளையின்ரை தலை சரியாமல் இருக்க.