மாதாந்திரப் பராமரிப்பு

செல்லூர்க் கண்மாய்க் கரையில்
டிரான்ஸ்பார்மரை ஒட்டி ஓர் அத்தி.
யாரும் நட்டதில்லை.
வௌவால் எச்சத்தில் வந்தது என்பார்கள்.
மாதம் ஒரு நாள், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து,
லைனை ஆஃப் செய்துவிட்டு நான் ஏறுவேன்.
கம்பியைத் தொடும் கொப்பெல்லாம் என் கணக்கு.

கீழே ஒச்சம்மா.
ஆறு வெள்ளாடு, ஒரு சாக்கு.
"அந்தக் கொப்பையும் இறக்குப்பா."
அது கம்பிக்கு நாலடி தள்ளி இருக்கு,
கம்பிக்குப் பகையில்லை என்பேன்.
"ஆட்டுக்கு உறவுதானே" என்பாள்.
குழை ஆட்டுக்கு.
நுனிக் கொழுந்தைத் தனியே கிள்ளி மடியில் போடுவாள்.
பாசிப்பருப்போடு அவித்துக் கடைந்தால்
மத்தியானச் சோற்றுக்கு ஆகுமாம்.
ஒருநாளும் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

வெட்டிய இடமெல்லாம் பால் கசியும்.
அரிவாளில் ஒட்டி, பிளையரில் ஒட்டி,
மறுநாள் ஆபீசில் விரல் வைத்தால்
எந்திரம் என்னை யாரென்று கேட்கும்.

போன ஐப்பசி. அடைமழை. இரவு ஒன்றே முக்கால்.
தெருவே இருட்டு. போனில் நாற்பது குரல்.
டார்ச் அடித்துப் பார்த்தால்
கம்பிகளுக்குக் குறுக்கே
விரித்த குடைபோல் ஒரு பழந்தின்னி.
ஒரு சிறகு அந்தக் கம்பியில்,
ஒரு சிறகு இந்தக் கம்பியில்,
வாயில் பாதி அத்திப்பழம்.
துரட்டியால் தொட்டதும்
பழம்தான் முதலில் விழுந்தது.
பவுன்ராசு ஃபியூஸ் கட்டினான்.
வெளிச்சம் வந்ததும் மாடிகளில் கைதட்டினார்கள்,
யாருக்கென்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் மனு.
கீழே பதினாறு கையெழுத்து.
மரத்தை வேரோடு எடுக்க வேண்டும்.
காரில் பழம் விழுந்து கறையாகிறது.
பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு.
ஓரத்தில் சாய்வாக, பெரியவர் எழுத்தில்:
ஆவன செய்க.

அரிவாளோடு ஏறினேன்.
கால் வைக்கும் இடமெல்லாம் காய்.
கிளை நுனிக்குப் போக மனமில்லாமல்
அடிமரத்திலேயே கொப்புளித்து நிற்கும்
கொத்துக் கொத்தாக.
கவையில் உட்கார்ந்து ஒன்றைப் பிட்டேன்.

புழு இல்லை. குளவி.
எள்ளில் பாதிகூட இல்லாத குளவி.
ஊசி நுழையும் வாசலில்
இறக்கையைக் கழற்றிப் போட்டு உள்ளே போனவள்
வெளியே வரவில்லை.
அவள் பெற்ற பையன்களுக்கு இறக்கையே கிடையாது.
அக்கா தங்கைகள் போக வழி தோண்டிவிட்டு
அங்கேயே முடிந்துபோகிறார்கள்.
சுவர் முழுக்கப் பூ.
மீட்டர் இல்லை, இணைப்பு இல்லை,
அத்தனை இருட்டில் அத்தனை பூ.

தெருவில் என்னைப் பார்ப்பவர்கள் கேட்பார்கள்,
"என்ன, அத்தி பூத்த மாதிரி இந்தப் பக்கம்?"
மாதம் தவறாமல்தான் வருகிறேன்.
அதுவும்.

எஸ்டிமேட் நான் எழுதக் கூடாது.
எழுதினேன்.
கம்பம் ஒன்று, ஒன்பது மீட்டர்.
பன்னிரண்டடி கிழக்கே தள்ளி நட வேண்டியது.
இழுவைக் கம்பி ஒன்று.
பொதுமக்களுக்குப் பாதிப்பு: இல்லை.

டிபன் பாக்ஸில், பழுக்க இரண்டு நாள் இருக்கும்
நாலு காயைப் பிட்டுப் போட்டிருந்தேன்.
மேசைமேல் மூடியைத் திறந்ததும்
புகைபோல் எழுந்து
கூட்டுத்தொகைமேல் உட்கார்ந்தன.
"என்னய்யா இது?"
"மனுவில் சொன்ன புழு, சார்."
அவர் மெல்ல ஊதினார்.
பறக்காத ஒன்றைப் பேனா முனையால் ஒதுக்கி
அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

கம்பம் வந்துவிட்டது.
இரண்டு மாதமாக மரத்தடியில் படுத்திருக்கிறது.
குழி தோண்ட ஆள் இல்லை.
ஒச்சம்மா அதன்மேல் உட்கார்ந்துதான்
இப்போது கொழுந்து கிள்ளுகிறாள்.
நேற்று ஏறும்போது கேட்டாள்,
"இதை நட்டுட்டா நீ மரமேற வேண்டியதில்லல்ல?
பெறகு என் ஆட்டுக்குக் குழை யாரு ஒடிப்பா?"

பாதிப்பு: இல்லை.
நான்தான் எழுதினேன், என் கையெழுத்தில்.

கம்பிக்கு நாலடி தள்ளி ஒரு கொப்பு.
இறக்கினேன்.