வெற்றுக்கோடு

மூன்றாம் வார்டுக்கு யாரும் மனு போடவில்லை.
வாக்குச்சீட்டில் ஒரு வெற்றுக்கோடு.
பதினொரு பேர் அதில்
வெர்லின் ஹ்ருஸ்கா என்று எழுதினோம்,
நான்கு பேர் எழுத்துப்பிழையோடு.
ஒன்று என்னுடையது.
குமாஸ்தா பிழைகளையும் கூட்டிக்கொண்டாள்.

நெப்ராஸ்காவின் சோளத்தூசி சட்டையில் இருக்க
உறுதிமொழி எடுத்தார்.
பள்ளி வாரியக் கூட்டம், ஆறாவது பொருள்:
வடக்குப் பாதைப் பேருந்தை நிறுத்துவது.
ஓட்டுவது அவர் மனைவி.
விதிப்படி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கதவுக் கண்ணாடி வழியே பார்க்கிறேன்:
ஒன்றாம் வகுப்பு நாற்காலியில்
முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருக்கிறார்.

இங்கே டீசல் விலை பேசுகிறார்கள்.
பிள்ளைகள் ஏழாம்;
இரண்டு என்னுடையவை.

“சம்மதம்” என்கிறது ஒரு குரல்.
இன்னொன்று.
வேண்டாம் என்று சொல்ல நாங்கள் அனுப்பியவர்
வெளியே
தொப்பியின் தூசியைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.