பெயர்த்தி

வானொலி சொல்கிறது:
அபொந்தானோ மேல் லாரி கவிழ்ந்திருக்கிறது,
இரண்டு தடம் அடைப்பு,
முடிந்தவரை அபொந்தானோவைத் தவிருங்கள்.
எதிர்க்கட்சிக்காரர்கள் நாற்பது வருடமாய்
மூச்சுமுட்டப் பேசியதை
இவன் ஒரு வரியில் முடித்துவிட்டான்.

தாத்தா ஒரு நெடுஞ்சாலை.
அப்பா ஒரு மேம்பாலம். இரு பக்கமும் எழும்பி
நடுவில் கைகோர்க்காமல் நிற்கிறார், நிதி இல்லை.
சித்தப்பா விளையாட்டரங்கின் ஆறாம் வாசல்.
அம்மாவின் பெயரை மட்டும் ஒரு ரோஜாவுக்கு வைத்தார்கள்.
அது விடிகாலையில் மயாமிக்கு விமானம் ஏறிவிடும்,
உள்ளூரில் கிடைக்காது.

நான் எல்விரா.
மேலவை உறுப்பினர், முதல் தவணை.
நான்கு மணிக்கு வாக்கெடுப்பு.
மடியில் இருக்கும் கோப்பில்
மசோதா எண் இருநூற்றுப் பதினேழு:
இடம்பெயர்ந்தோர் உதவித்தொகையை
இன்னும் இரண்டாண்டு நீட்டுவதா, நிறுத்துவதா.
நிறுத்தச் சொல்கிறது கட்சி.
என் உரையில்
அப்பாவின் பழைய மேற்கோள் ஒன்றையும்
யாரோ அக்கறையாய்ச் செருகியிருக்கிறார்கள்.

பொகோத்தா மழை கண்ணாடியைச் சுரண்டுகிறது.
எதெல்பெர்த்தோ எஞ்சினை அணைத்துவிட்டான்.
கார்களுக்கு நடுவே ஒரு பெண்,
குப்பைப் பையைக் கிழித்து முக்காடிட்டவள்,
பிளாஸ்டிக் குவளைகளில் கீறிய பச்சை மாங்காய்,
உப்பு, எலுமிச்சை.

கண்ணாடியை இறக்கினேன்.
தினமும் இங்கேயா?
"அபொந்தானோ அடைத்தால்தான் எனக்குச் சோறு, சென்யோரா.
கடவுள் அதை இப்படியே வைத்திருக்கட்டும்."
சிரித்தாள். அந்தப் பெயருக்குள்
ஓர் ஆள் இருந்ததே தெரியாத சிரிப்பு.

யூர்லேய் என்றாள். கொர்தோபா பக்கம்.
ஆற்றங்கரையில் வீடு, இரண்டு மாமரம்.
ஓர் இரவு துப்பாக்கிகள் வந்து
விடிவதற்குள் கிளம்பு என்றன.
பிள்ளையைத் தூக்கலாம், கோழியைத் தூக்கலாம்,
மரத்தை எப்படிப் பெயர்த்தெடுப்பது?
மூத்தவனுக்கு அப்போது மூன்று வயது,
இப்போது இருபத்தி நான்கு.
யாருடைய ஆட்சி என்று நான் கேட்கவில்லை.
விரல்கள் தாமாக எண்ணிவிட்டன.
அப்பாவிடம் வந்து நின்றன.

பலகையில் பெயர் நிற்கிறது.
அடியில் தார் பெயர்கிறது,
ஓரத்தில் பெயர்ந்தவர்கள் நனைகிறார்கள்.
ஞானஸ்நானத்தன்று என்னைத் தூக்கிப் பார்த்து
பேர் சொல்லும் பிள்ளை என்றார்களாம்.
இன்று வானொலி சொல்கிறது,
பேருந்து நடத்துநன் வாசலில் தொங்கியபடி கத்துகிறான்,
இவளும் சொல்கிறாள்.
சொல்ல நான் எதற்கு?

மூன்றே முக்கால்.
இறங்கி நடந்தேன், ஒரு கையில் கோப்பு, ஒரு கையில் குவளை.
தாத்தாவின் மேல் கால் வைத்து நடப்பது இதுதான் முதல்முறை.
குழிகுழியாய் இருந்தார்.
ஒரு குழியில் என் செருப்பை வாங்கிக்கொண்டு
நெடுநேரம் தரமாட்டேன் என்றார்.

அவையில் அகரவரிசை.
எங்கள் பெயர்தான் எப்போதும் முதல்.
"அபொந்தானோ" என்றார் செயலர்.
வாய் நிறைய மாங்காய்.
சுவரிலிருந்து இரண்டு எண்ணெய் ஓவியங்கள்
பதில் தமக்கே தெரியும் என்பதுபோல் பார்த்தன.

"அபொந்தானோ?"

உப்பு. புளிப்பு. பல் கூசியது.
எனக்குப் பின்னால் நூறு பெயர்கள்
வரிசையில் முட்டிக்கொண்டு நின்றன,
யாரோ இருமினார்கள், ஹாரன் அடிப்பதுபோல.

மென்றுகொண்டிருந்தேன்.
கொஞ்சம் நிற்கட்டும்.