இரண்டாம் பதினொன்று

ஏப்ரலின் முதல் சனிக்கிழமை இரவு
புவெர்ட்டோ மோன்ட்டில் பன்னிரண்டு அடிக்க வேண்டிய இடத்தில்
பதினொன்றே திரும்ப வரும்.
தூங்குகிறவர்களுக்கு அது இனாம்.

சால்மன் ஆலையில் தூங்காதவர்கள் நாற்பத்தொரு பேர்.
நெல்டா பர்ரியா
முதல் பதினொன்றில் நூற்றுப்பன்னிரண்டு துண்டங்களுக்கு முள் நீக்கினாள்,
இரண்டாவதில் நூற்றுநான்கு. விரல் விறைத்துவிட்டது.
நான் பராமரிக்கும் சம்பள மென்பொருள்
ஒரே ஒரு பதினொன்றைத்தான் பார்த்தது.

மாதக் கடைசியில் என் மேசைக்கு வந்தாள்.
கத்தவில்லை.
சீட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கழித்தல்.
சிஸ்டம் தப்புப் பண்ணாது என்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் கழித்தலைப் படித்துவிட்டேன்.

புகார் அனுப்பினேன். ஓர் எண் தந்தார்கள்.
ஒட்டு வந்தது ஜூலையில்,
எண்பத்திரண்டு திருத்தங்களைக் கட்டிய மூட்டையாக:
திருடன் நுழையக்கூடிய ஒரு துவாரம்,
எந்த நாட்டுக்கோ ஒரு வரி விதி,
யாரோ கேட்டு வாங்கிய பச்சைப் பொத்தான்.
அறுபத்தேழாவது வரியில்
"மீண்டும் வரும் மணி இனிக் கணக்கில் சேரும்."
அவ்வளவுதான். மீன் இல்லை, விரல் இல்லை.

சோதனைச் சர்வரில் போட்டேன்.
சம்பளம் சரியாயிற்று,
குளிர்கிடங்கின் லேபிள்கள் எல்லாம் வெள்ளையாக வந்தன.
ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்துகிறாய், யாஸ்னா,
என்றார் மேலாளர் எவரிஸ்தோ.
துவாரம் ஆறு வாரம் திறந்தே கிடந்தது.
கதவைச் சாத்தாத வீட்டில் படுத்தவள்போல
ஆறு வாரமும் எனக்கு அரைத் தூக்கம்.

லேபிளுக்கு வேறொரு ஒட்டு.
ஒட்டின் மேல் ஒட்டு.
பிறகு ஒரு ஞாயிறு, அதிகாலை இரண்டு மணி,
தகரக் கூரையில் மழை,
பேக்கப் எடுத்து, அதைத் திறந்தும் பார்த்து,
பொத்தானை அழுத்தினேன்.
தொண்ணூற்றுமூன்று சதவீதத்தில்
பதினேழு நிமிடம் அசையாமல் நின்றது.
ஆறிப்போன மாத்தேயை உறிஞ்சிக்கொண்டே இருந்தேன்.
தொண்ணூற்றுநான்கு.

"இனி" என்ற சொல்லை அப்போதுதான் கவனித்தேன்.
வரப்போகும் ஏப்ரல்களுக்கு மட்டும் அந்தத் தையல்.
போன ஏப்ரலின் கிழிசல் அப்படியே.
நாற்பத்தொரு வரிகளைக் கையால் அடித்தேன்,
காரணம் என்ற கட்டத்தில்
"வேலை செய்தார்கள்" என்று.

திங்களன்று நெல்டா வந்து சீட்டை வாங்கி
நின்ற இடத்திலேயே கூட்டிப் பார்த்தாள்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போனாள்.
அது அவளிடமே இருக்கட்டும்.
நவம்பரில் அடுத்த அப்டேட்.